அஞ்சரைக் கட்டையை விட்ட கதை

புதூர்நாட்டில் காலை பத்து மணி வெயிலுக்குச் சூடே இல்லை. மகளிர் குழுவின் புதுக் கட்டடத்து வாசலில் இரண்டு சாமை மூட்டைகளைப் படுக்கப் போட்டு, மேலே ஒரு பலகையை வைத்து, அதன்மேல் கீபோர்டை வைத்திருந்தேன். சாமைத் தவிட்டின் வாசனை மூக்கில் ஏறிக்கொண்டே இருந்தது. நான் தும்மினேன். குழுப் பெண்கள் சிரித்தார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கட்டடத் திறப்பு விழா. சாமை குத்தும் மெஷின் வந்து இறங்கியிருந்தது. அதற்கு ஒரு பாட்டு வேண்டும் என்று கேட்டு, வரிகளையும் பெண்களே எழுதிக் கொடுத்திருந்தார்கள். மெட்டு என்னுடையது. அன்றைக்கு ஒத்திகை. பாட வேண்டிய திவ்யா மட்டும் வரவில்லை. திருப்பத்தூரிலிருந்து கிளம்பிய ஜீப் மலைப்பாதையில் ஏதோ ஒரு வளைவில் நின்றுவிட்டதாம்.

குழுத் தலைவி ராணிக்குப் பொறுமை குறைவு. மெஷினையே ரெண்டு நாளில் ஓட்டக் கற்றுக்கொண்டவள்.

"அது வர்ற வரைக்கும் சும்மா ஒக்காந்துக்கினு இருக்கணுமா? நர்சம்மா, நீங்க பாடுங்க. பாட்டு இன்னா மாதிரி இருக்குதுன்னு நாங்க தெரிஞ்சிக்கறோம்."

நர்சம்மா என்பது என் மனைவி புவனா. அந்தப் பக்கத்துக் கிராம சுகாதாரச் செவிலியர். ராணி அழைத்ததற்காக ஞாயிற்றுக்கிழமையும் மலையேறி வந்திருந்தாள். நான் கீபோர்டின் மேல் குனிந்துகொண்டேன். அவள் என்ன பதில் சொல்வாள் என்பது எனக்குத் தெரியும். 'தொண்ட சரியில்ல' என்பாள். நாலு வருஷமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

புவனா கைப்பையைக் கழற்றி ராணியிடம் கொடுத்தாள். "ஆரம்பிங்க" என்றாள் என்னிடம்.

ஊர் வைத்த பெயர்

இந்த இடத்தில் என்னைப் பற்றிக் கொஞ்சம் புகார் சொல்லிவிட வேண்டும்.

இந்தத் தொடரைத் தவறாமல் படிக்கும் ஒரு வாசகி போன வாரம் எழுதியிருந்தார். "உங்கள் பாட்டுகளில் நாலைந்தைத் தேடிக் கேட்டேன், எல்லாம் ஒரே பாட்டு மாதிரி இருக்கிறதே" என்று. அம்மா, நீங்கள் நாலைந்து கேட்டுக் கண்டுபிடித்தீர்கள். நான் இருநூறுக்கு மேல் போட்டும் கண்டுபிடிக்கவில்லை.

திருப்பத்தூரில் எனக்கு ஜெராக்ஸ் கடை. அதுதான் சோறு. பாட்டு என்பது சுற்றுப்பட்டு அம்மன் கோயில்களுக்கும், கல்யாணக் கச்சேரிகளுக்கும், தேர்தல் வந்தால் தேர்தலுக்கும் போட்டுக் கொடுப்பது. அத்தனையும் ஒரே சுருதி. அஞ்சரைக் கட்டை.

சுருதியின் உயரத்தைத்தான் எங்கள் ஆட்கள் கட்டைக் கணக்கில் சொல்வோம். ஆண்கள் ஒன்று, ஒன்றரையில் பாடுவார்கள். பெண்களில் நல்ல உயரமான குரலுக்கு அஞ்சரை. என் கை கீபோர்டில் அஞ்சரையைத் தவிர வேறு இடத்தில் உட்காராது. அதனால் மெல்லிசைக் குழுக்காரர்கள் எனக்கு 'அஞ்சறைப் பெட்டி' என்று பெயர் வைத்திருந்தார்கள். முதுகுக்குப் பின்னால் சொன்னால் பரவாயில்லை, மேடையிலேயே மைக்கில் சொல்வார்கள். "எல்லா அம்மனுக்கும் ஒரே பாட்டுதான்பா, நம்ம சார் ஊர் பேர மட்டும் மாத்துவாரு" என்பார்கள். நானும் சிரித்து வைப்பேன். உள்ளே எரியும்.

கீபோர்டில் ட்ரான்ஸ்போஸ் என்று ஒரு பட்டன் உண்டு. அதை அழுத்தினால், விரல் வழக்கமான இடத்திலேயே வாசிக்கலாம், சத்தம் மட்டும் வேறு கட்டையில் கேட்கும். சோம்பேறிகளுக்கென்றே கண்டுபிடித்தது. அந்தப் பட்டனைத் தொடுகிறவன் வித்வானே இல்லை என்று நான் ஊரெல்லாம் பேசித் திரிந்திருக்கிறேன். ஒரே கட்டையில் வாசிக்கிறவனுக்கு அது தேவைப்படவே படாது என்று யாரும் என்னிடம் எடுத்துச் சொல்லவில்லை.

காவலூர்ப் பொங்கல்

அந்த அஞ்சரை எனக்குப் பிறவியில் வந்ததல்ல.

கல்யாணத்துக்கு முன்னால் காவலூரில் ஒரு பொங்கல் விழா. தொலைநோக்கி நிலையத்தில் புவனாவின் அப்பா தோட்ட வேலையில் இருந்தார். குடியிருப்பில் விழா, பிள்ளைகள் பாட்டுப் போட்டி, வாசிக்க ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார்கள். அப்போது என்னிடம் இருந்தது ஆர்மோனியம். ஆலங்காயத்திலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

பச்சைத் தாவணியில் ஒரு பெண் வந்து நின்று, "அஞ்சரை" என்றாள்.

எனக்கு ரெண்டு கட்டைதான் தெரியும். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. சரி என்று தலையாட்டிவிட்டு ரெண்டிலேயே பிடித்தேன். அவள் ரெண்டு வரி பாடிப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். "பெட்டிய மூடிட்டு ஒக்காருங்க, நான் சும்மாவே பாடிக்கறேன்" என்றாள். கூட்டம் சிரித்தது. அவள் சும்மாவே பாடினாள், பரிசும் வாங்கினாள்.

திருப்பத்தூர் திரும்பி ஒரு மாசம் ஆர்மோனியத்தில் அஞ்சரைக் கட்டையை மட்டும் சாதகம் பண்ணினேன். அதில் பெரும்பாலும் கறுப்புக் கட்டைகள்தான். விரல் வழுக்கும், நகம் வலிக்கும். விடவில்லை. அடுத்த விழாவுக்குக் கூப்பிடாமலே போய் நின்றேன். அதற்குப் பிறகு நடந்ததை மூன்றாவது வாரமே எழுதிவிட்டேன். எங்கள் கல்யாணத்தில் பந்தி தாமதமானதற்குக் காரணம் மாப்பிள்ளையும் பொண்ணும் மேடையில் பாடிக்கொண்டிருந்ததுதான்.

ஆறு மாசத்தில் வந்துவிடும்

நாலு வருஷத்துக்கு முன்னால் புவனாவுக்குக் கழுத்தில் தைராய்டு ஆபரேஷன். நல்ல டாக்டர், நல்லபடியாகத்தான் செய்தார். கட்டி பெரிது, நரம்பை ஒட்டி இருந்தது. "பேச்சுக்கு ஒண்ணும் ஆகாது. பாட்டுல மேல போறது கொஞ்சம் குறையலாம். ஆறு மாசம் பாருங்க" என்றார்.

நான் அந்தக் கடைசி மூன்று வார்த்தையை மட்டும் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ஆறு மாசம் முடிந்த அன்று கீபோர்டை எடுத்து வைத்து ஒரு புது மெட்டுப் போட்டேன். அஞ்சரையில்தான். சரணத்தில் மேலே போகிற இடத்தில் அவள் குரல் உடைந்தது. இருமினாள். "தொண்ட சரியில்லங்க" என்றாள். பரவாயில்லை என்றேன். அடுத்த மாசம் இன்னொரு மெட்டு. அதே இடத்தில் உடைந்தது. காய்ச்சல் இருக்கிறதா என்று வாயில் தெர்மாமீட்டர் வைப்பது போல, மாசா மாசம் ஒரு பாட்டை அவள் வாயில் வைத்துப் பார்த்தேன்.

ஒரு வருஷம் அப்படிப் போனது. பிறகு நான் கீபோர்டைத் திறந்தால் அவள் மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போய்விடுவாள். காயாத துணியைக்கூட எடுத்து வந்திருக்கிறாள்.

சுருதியை இறக்கிப் பார்க்க எனக்கு அறிவில்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. ஆனால் இறக்கினால், இனி அந்தக் குரல் வராது என்று நானே கையெழுத்துப் போட்டது மாதிரி ஆகிவிடும் என்று பயந்தேன். நான் அஞ்சரையிலேயே காத்திருந்தால் அது என்றைக்காவது வந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை. நம்பிக்கை என்று இப்போது மரியாதையாகச் சொல்கிறேன். பிடிவாதம்.

அவளுக்குப் பதில் மற்றவர்கள் பாட ஆரம்பித்தார்கள். கடைசியாக வந்தவள் திவ்யா. நல்ல குரல், அஞ்சரையில் அநாயாசமாகப் பாடுவாள். அவளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கும்போது அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றுவிடும். எனக்குத் தெரியும். தெரிந்தும் என்ன செய்வது என்று தெரியவில்லை. வீட்டில் சண்டை ஒன்றும் இல்லை. ஆனால் பேச்சு குறைந்துவிட்டது. ரேஷன், கரண்ட் பில், மகள் எப்போது போன் பண்ணினாள், அவ்வளவுதான்.

மேல் வரி

இப்போது சாமை மூட்டைக்கு வருகிறேன்.

அன்றைக்கு நான் வாசித்த கீபோர்டு என்னுடையதல்ல. முந்தின நாள்தான் என்னுடையதில் எறும்பு புகுந்து மூன்று கட்டை பேசாமல் போய், வேலூருக்கு ரிப்பேருக்குப் போயிருந்தது. வாணியம்பாடி நவாஸ் பாயிடம் இரவல் வாங்கி வந்தேன். தோல் கம்பெனியில் சூப்பர்வைசர், கல்யாண வீடுகளில் பாடவும் செய்வார். உறையோடு கொண்டுவந்ததை மலைமேல்தான் முதலில் திறந்தேன்.

"ஆரம்பிங்க" என்று புவனா சொன்னதும் ஆரம்பித்தேன். விரல்கள் வழக்கமான கறுப்புக் கட்டைகளில் போய் உட்கார்ந்தன. சத்தம் கொஞ்சம் மந்தமாகக் கேட்டது. ஸ்பீக்கர் சரியில்லை என்று ஸ்பீக்கர்காரரை மனதுக்குள் திட்டினேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

வீட்டில் ஒரு வாரமாக நான் அடித்துக்கொண்டிருந்த மெட்டு. அடுப்படியில் கேட்டே அவளுக்கு மனப்பாடம் ஆகியிருந்தது.

"மேட்டுக் கொல்ல சாமை
மேகம் பாத்த சாமை
குத்திப் பொடச்சா வெள்ளி
கொட்டிக் கெடக்குது அள்ளி"

பல்லவியின் கீழ் வரி முணுமுணுப்பாகத்தான் வந்தது. நான் அதைக் கவனிக்கவில்லை. எனக்குக் காதெல்லாம் சரணத்தில் இருந்தது. மேல் வரி வருகிறது. விரலை மெதுவாக எடுத்தேன், உடைந்தால் இசையில் மறைத்துவிடலாம் என்று சத்தத்தைக் கூட்டத் தயாராக இருந்தேன்.

உடையவில்லை. அவள் மேலே போனாள், அங்கே நின்றாள், ஒரு சின்ன அசைவு கொடுத்துக் கீழே இறங்கினாள். குரல் பழையபடி இல்லை. கொஞ்சம் கனமாக இருந்தது. ஆனால் முழுசாக இருந்தது.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வந்துவிட்டது, வந்துவிட்டது என்று உள்ளே அடித்துக்கொண்டது. பிரசவ ஆஸ்பத்திரி வராந்தாவில் மகள் பிறந்த சேதி கேட்டு நின்றபோதுதான் அப்படி இருந்தது. நிமிர்ந்து பெண்களைப் பார்த்தேன். யாருக்கும் பெரிய ஆச்சரியம் இல்லை. ஒருத்தி புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். அது எனக்குக் கொஞ்சம் விநோதமாகப் பட்டது.

அந்த நேரத்தில் திவ்யாவின் ஜீப் வந்தது. வளைவுகளில் வாந்தி எடுத்து முகம் வெளுத்திருந்தாள். தண்ணீர் குடித்துவிட்டு மைக்கை வாங்கினாள். நான் வாசித்தேன். பல்லவி பாடத் தொடங்கியதும் நிறுத்திவிட்டாள்.

"இன்னா சார், இவ்ளோ கீழ இருக்குது? நாலு கட்டை மாதிரி கேக்குது. நமக்கு அஞ்சரைதானே?"

நான் கீபோர்டின் சின்னத் திரையைப் பார்த்தேன். ஓரத்தில், எறும்பு அளவு எழுத்தில், மைனஸ் மூணு.

ட்ரான்ஸ்போஸ். நவாஸ் பாய் தன் குரலுக்குப் போட்டு வைத்ததை எடுக்காமல் கொடுத்துவிட்டார். அந்த மாதிரிக் கீபோர்டுகள் அணைத்தாலும் மறப்பதில்லை. தாளத்துக்கு மின்சார பேட் வைத்திருந்தோம். சுருதி சேர்த்த தபலா ஒன்று இருந்திருந்தால் முதல் தட்டிலேயே என்னைக் காட்டிக் கொடுத்திருக்கும்.

குரல் திரும்பி வரவில்லை. சுருதிதான் இறங்கியிருந்தது.

புவனா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. அந்த நிமிஷம் நான் செய்த காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் கை கூசுகிறது. என் விரல் தானாகப் போய் அந்த எண்ணைப் பூஜ்ஜியமாக்கிவிட்டது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்.

"நான் ராணி கொழந்தைய எட பாத்துட்டு வர்றேன்" என்று புவனா கைப்பையை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

ராணி சொன்னது

மத்தியானம் சாமைச் சோறும் புளிக்குழம்பும் போட்டார்கள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். ராணி எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"நர்சம்மா நல்லாதானே பாடுனாங்க. எதுக்கு சார் மாத்துனீங்க?"

"அவங்களுக்கு மேல போகாதும்மா. ஆபரேஷன் ஆனதுல இருந்து பாட்றதில்ல."

ராணி என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"யாரு சொன்னது? ஊசி போட்றப்போ எல்லாம் பாடுவாங்க. கொழந்த அது வாயப் பாத்துக்கினே இருக்கும், இவங்க குத்திட்டு எடுத்துருவாங்க. எங்கூட்டுப் பெரிய பொண்ணுக்கு, சின்னதுக்கு, எல்லாத்துக்கும் பாட்டுதான். நடந்து போறப்போகூட பாடிக்கினுதான் போவாங்க. ஒங்களுக்குத் தெரியாதா சார்?"

எனக்குத் தெரியாது. மலையில் ஊருக்கெல்லாம் தெரிந்த விஷயம். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை என்று சொல்வார்கள். நான் வீட்டில் பாட்டை வைத்துக்கொண்டு பாடகி தேடி அலைந்தேன். அதைவிட ஒன்று நெஞ்சில் குத்தியது. அவள் பாட்டை விடவில்லை. என் எதிரில் பாடுவதை விட்டிருக்கிறாள். அன்றைக்கு அந்தப் பெண்கள் கேட்டதால்தான் கைப்பையைக் கழற்றியிருக்கிறாள்.

இறங்குகிற பஸ்ஸில்

சாயங்கால பஸ்ஸில் திவ்யா முன் சீட்டில் கண்ணை மூடிக்கொண்டாள். நாங்கள் பின்னால். ரெண்டாவது வளைவு திரும்பியதும் கேட்டேன்.

"ஊசி போட்றப்போ பாடுவியாமே?"

"ராணி சொன்னாளா?"

"ம். எங்கிட்ட ஏன் சொல்லல?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சத்தம் உயராமல் சொன்னாள்.

"இன்னான்னு சொல்றது? நீங்க அஞ்சரைய வெச்சிக்கினு ஒக்காந்து இருந்தீங்க. பழைய புவனா வருவா, வருவான்னு வாசலயே பாத்துக்கினு. நானு உள்ளதாங்க இருந்தேன். ஒரு நாளாவது, இப்ப எங்கருந்து வருது, அங்கருந்து பாடுன்னு கேட்டீங்களா? பெயிலாவுற பரீட்சைக்கி எத்தினி தடவ போய் ஒக்கார்றது?"

 நாலு வருஷமாக நான் காதலோடு காத்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு அது மாசம் ஒரு தடவை தோற்கிற வேலையாக இருந்திருக்கிறது.

"தப்புதான் புவனா" என்றேன். பஸ் இரைச்சலில் அவளுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. இன்னொரு தடவை சொன்னேன்.

"கேட்டுச்சி" என்றாள்.

விரல்களோடு சண்டை

மறுநாள் காலையில் கடையைத் திறக்காமல் கீபோர்டு முன்னால் உட்கார்ந்தேன். திருந்திவிட்டேன் அல்லவா, அதனால் மைனஸ் மூணு போட்டு அதே மெட்டை வாசித்தேன். புவனாவைக் கூப்பிட்டேன். வந்தாள். மேல் வரி சுகமாக வந்தது. பல்லவியில் கீழ் வரிதான் காற்றாகப் போனது. மெட்டை மொத்தமாக இறக்கினால் மேலே கிடைத்தது கீழே போய்விடுகிறது.

"இது வேற யாருக்கோ தெச்ச ஜாக்கெட்டு" என்றாள். "பிரிச்சி புடிச்சாலும் தோள்ல நிக்காது."

அதன்பிறகு வேறு வழியில்லை. நாலு கட்டையில், அவளுக்கென்று, முதலிலிருந்து போட வேண்டும். ட்ரான்ஸ்போஸைப் பூஜ்ஜியமாக்கி, பட்டன்மேல் ஆஸ்பத்திரி பிளாஸ்டர் ஒட்டினேன். நர்ஸ் வீட்டில் பிளாஸ்டருக்குப் பஞ்சமா.

அடுத்த மூன்று நாளை எப்படிச் சொல்வது. இருபத்தைந்து வருஷம் வாசித்த மனுஷன் எழுத்துக் கூட்டிப் படிக்கிற நிலைமைக்கு வந்தேன். அஞ்சரையில் ஸட்ஜமும் பஞ்சமமும் கறுப்பில் இருக்கும். நாலு கட்டையில் ரெண்டும் வெள்ளையில். என் விரல் கறுப்பைத் தேடி ஓடி, தப்பான இடத்தில் விழுந்து அலறும். பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்து, "புதுசா பாட்டு கிளாஸ் எடுக்கறீங்களா?" என்று கேட்டார். மாணவன் நான்தான் என்று சொல்லவில்லை.

மூன்றாம் நாள் ஒன்று நடந்தது. பழைய இடத்தில் என் கை பஞ்சமத்தைத் தொட்டால் நேராக மேல் ஸ்தாயிக்கு ஏறிவிடும். ஏறுகிறது என்பதே எனக்குத் தெரியாது. இங்கே பாதை தெரியாததால் கை தயங்கியது. தயங்கிய இடத்தில் மெட்டு நின்றது, சுற்றிப் பார்த்தது, மேலே போகாமல் பக்கத்திலேயே ஒரு வளைவு எடுத்தது. நான் அதுவரை போட்டதே இல்லாத ஒரு வரி. இருநூறு பாட்டும் ஒரே பாட்டாக ஆன ரகசியம் அப்போதுதான் விளங்கியது. மெட்டைப் போட்டது நான் இல்லை, என் விரல் போகிற தடம்.

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. புவனா ஈரக் கையோடு வந்து வாசற்படியில் நின்றாள்.

"அந்த வளைவ இன்னொரு தபா வாசிங்க."

வாசித்தேன். "இங்க கொஞ்சம் இழுத்தா நல்லாருக்கும்" என்று இழுத்துக் காட்டினாள். நல்லாத்தான் இருந்தது. பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். அடுப்பில் பருப்பு அடிப்பிடித்தது. அன்றைக்கு ரெண்டு பேரும் தயிரும் ஊறுகாயும் வைத்துச் சாப்பிட்டோம். அதைவிட ருசியாகச் சாப்பிட்டதாக ஞாபகம் இல்லை.

திவ்யாவிடம் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. குற்ற உணர்ச்சியோடு போன் பண்ணி, சுற்றி வளைத்து விஷயத்துக்கு வந்தேன். மறுமுனையில் ஒரு பெருமூச்சு. "சார், தப்பா நெனச்சிக்காதீங்க. அந்த மலை வளைவுல இன்னொரு தடவ ஏற சொல்வீங்களேன்னு பயந்துக்கினு இருந்தேன். அக்காவே பாடட்டும் சார்."

நவாஸ் பாய்க்கும் போன் பண்ணினேன். ட்ரான்ஸ்போஸை எடுக்க மறந்ததற்கு அவர் நாலு தடவை மன்னிப்புக் கேட்டார். "வாணாம் பாய், எங்களுக்காக துஆ பண்ணுங்க" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

திறப்பு விழா

விழாவில் வழக்கம் போல அதிகாரிகள் பேசினார்கள். பேசிக்கொண்டே இருந்தார்கள். புவனா மேடை ஓரத்தில் முந்தானை நுனியைச் சுருட்டிச் சுருட்டி விட்டுக்கொண்டிருந்தாள்.  வீட்டில் வருவது வேறு, கூட்டத்தில் வருவது வேறு. இங்கே உடைந்தால் இன்னொரு தடவை அவள் ஸ்டூல் போட்டு உட்கார மாட்டாள் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

கூப்பிட்டார்கள். நாலு கட்டையில் சுருதி பிடித்தேன். பாடினாள்.

முதல் வரி முடிவதற்குள் முன் வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. அதைப் பார்த்து இன்னொன்று. ஒரு வாண்டு தன் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டது. நர்சம்மா பாடினால் அடுத்தது ஊசி என்று அதுகளுக்கு அனுபவம். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. புவனாவும் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு குரலில் இருக்கும்போதே வளைவுக்கு வந்தாள், இழுத்தாள், விட்டாள். என் தோளில் இருந்த மூட்டையை யாரோ இறக்கியது போல இருந்தது. சத்தத்தைக் கூட்டத் தயாராக நான் வைத்திருந்த விரலை எடுத்துவிட்டேன்.

ராணியும் பெண்களும் கடைசியில் கூடச் சேர்ந்துகொண்டார்கள். சுருதி எங்கேயோ போனது. யாருக்கும் கவலை இல்லை.

திரும்பும் பஸ்ஸில் பலாப்பழ வாசனை. கீபோர்டு முன்னால் எஞ்சின் பெட்டி ஓரம் பழங்களுக்கு நடுவே கிடந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சந்தோஷம் வந்தால் எனக்குப் பிரகடனம் பண்ணும் வியாதி உண்டு.

"முடிவு பண்ணிட்டேன் புவனா. ஆடி மாசத்து அம்மன் பாட்டெல்லாம் இனிமே நாலு கட்டைதான். ஒண்ணுகூட மாறாது."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"செக்கை மாத்திட்டா செக்குமாடு சுத்தாதா?" என்றாள். "கட்டைய அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல நானு பாட்றேன். நீங்க சும்மா வாங்க."

ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டு பாட ஆரம்பித்தாள். அது நாலு கட்டையா, மூணா என்று எனக்குப் பிடிபடவில்லை. பஸ் வளைவில் திரும்பியது, பாட்டு மேலே ஏறத் தொடங்கியது. அவள் குரல் அடுத்த வரியில் உடையுமோ என்று நான் பயப்படாமல் கேட்டது, அந்த நாலு வருஷத்தில் அதுதான் முதல் தடவை.